பியூஸ் கட்டை யார் கையில்

டெஸ்டர் கொட்டாவி விட்டால்கூடப் பக்தருக்கு வயிறு எரியும். ஒரு மனுஷன் எப்படி இவ்வளவு நிம்மதியாகக் கொட்டாவி விடலாம் என்று.

இருவரும் ஒரே மின்சார அலுவலகத்தில் லைன்மேன்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வருகைப் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு அடியில் மற்றவர் பெயர், பதினெட்டு வருஷமாக. பட்டப்பெயர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து ஒட்டிக்கொண்டவைதான். பக்தர் தன் இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் இடமே தெரியாமல் சாமி படம் ஒட்டி வைத்திருந்தார். கம்பத்தில் கால் வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஒரு நிமிஷம் நிற்பார். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார்.

மற்றவர் அப்படி நிற்க மாட்டார். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். எரியாது. அதோடு விட மாட்டார். மின்சாரம் இருக்கிற இடத்தில் அதே டெஸ்டரை வைத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி கம்பியில் வைப்பார். "உனக்கு சாமி மேலதான் நம்பிக்கை இல்ல, டெஸ்டர் மேலயும் இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். அன்றைக்கு விழுந்த பெயர் அது.

இந்தக் கதைக்குப் பியூஸ் கட்டை பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்குக் கீழும் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள். பிடுங்கினால் அந்தத் தெருவுக்கே மின்சாரம் போய்விடும், செருகினால் வந்துவிடும். கம்பத்தில் ஏறப் போகிறவர் மூன்றையும் தன் கையாலேயே பிடுங்கி, பெட்டியடியில் நிற்கும் ஆளின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். வேலை முடித்து இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டுகிற வரைக்கும் வாங்கியவர் அதைக் கீழே வைக்கக் கூடாது, இன்னொருவரிடம் தரவும் கூடாது. எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதாத சட்டம் இது. "இன்னைக்கு யாருகிட்ட கட்டை?" என்று ஒருவர் கேட்டால், உன் உயிர் இன்றைக்கு யார் பையில் இருக்கிறது என்று கேட்கிறார் என்று பொருள்.

டெஸ்டர் கட்டை கொடுப்பது பக்தரிடம். பக்தர் கொடுப்பது டெஸ்டரிடம். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

உயிரையே கொடுக்கிற ஆள்மேல் பொறாமை வருமா என்று கேட்கலாம். வரும். தூரத்தில் இருப்பவன் வாழ்ந்தால் செய்தி. பக்கத்தில் இருப்பவன் வாழ்ந்தால் வயிற்றெரிச்சல். பக்தரின் மகள் நர்சிங் நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் பக்தர் மூன்று நாள் சாப்பிடாமல் விரதம் இருந்தார். இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. டெஸ்டரின் மகள் காய்ச்சலோடு போய் எழுதினாள், முதல் தடவையே இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பக்தர் அலமாரிக் கதவைத் திறந்து படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். 'நான் கேட்டுக் கேட்டும் கிடைக்காதது, கேட்கவே கேட்காதவனுக்கு எப்படிக் கிடைக்கிறது?' இது அவருடைய வழக்கு. வழக்கைக் கேட்க வேண்டியவர்கள் படத்திலிருந்து எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். குளியலறை சுவிட்ச் ஒரு வருஷமாக ஷாக் அடித்தது. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார் பக்தர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த டெஸ்டர், கை கழுவப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பக்தரின் மனைவி அந்த சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லுவாள்.

"ஊருக்கெல்லாம் லைட்டு போடுறவரு வீட்ல, லைட்டு போட அடுத்த வீட்டு ஆளு வரணும். அந்த அண்ணன் கை ராசியான கை."

"சாமி இல்லேங்கறவன் கையில என்னடி ராசி?" என்று பக்தர் சீறுவார்.

"ஷாக் அடிக்கலல்ல?" என்பாள் அவள்.

பேச ஒன்றும் இல்லாத ஆளுக்குக் கடைசியில் ஒரு நாள் பேச்சுக் கிடைத்தது. பக்கத்து ஊரில் அண்ணன் தம்பி தகராறில் தம்பி அண்ணனைக் குத்திக் கொன்றுவிட்டான் என்று பேப்பரில் வந்திருந்தது. காலை டீக்கு எல்லோரும் வேனைச் சுற்றி நின்றபோது பக்தர் செய்தியைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, டம்ளரை வேன் பம்பர்மேல் வைத்துவிட்டு, பிரசங்கத்தை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மனுஷன் தப்புப் பண்ண நினைத்தால் மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்று கை தானாகப் பின்னால் வந்துவிடும். இப்போது சாமி பயம் விட்டுப்போய்விட்டது, அதனால்தான் எங்கே பார்த்தாலும் வெட்டு குத்து. சாமி இல்லை என்கிறவன் பிரேக் இல்லாத லாரி, இறக்கம் வருகிற வரைக்கும்தான் ஒழுங்காக ஓடும். பேச்சு யாரைப் பார்த்து வீசப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் டெஸ்டரைப் பார்த்தார்கள்.

டெஸ்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேப்பரை வாங்கினார். மேலே இருந்து கீழே வரை விரலை வைத்து நிதானமாகப் படித்தார். "அஞ்சாவது வரியில போட்டிருக்கான், பாரு. அந்தத் தம்பிய போலீஸ் பிடிச்சது பிரார்த்தனை முடிச்சிட்டு வெளிய வரும்போது."

"அப்ப சாமி கும்பிடறவன்தான் குத்துவான்ங்கறியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கும்பிட்டதால குத்தல. கும்பிட்டும் குத்தினான். கும்பிடாதவன்லயும் குத்தறவன் இருப்பான். நீதான் ஏதோ கணக்குப் போடற."

வேன் ஓட்டுநருக்கு நிஜமாகவே சந்தேகம். "இல்லண்ணே, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். மேல யாரும் பாக்கலன்னா, ஒருத்தன முடிச்சிடாம உங்கள எதுண்ணே தடுக்குது?"

டெஸ்டர் பேப்பரை மடித்துக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தடுக்கறதுக்கு மொதல்ல தோணணும் இல்லப்பா. எனக்கு யாரையும் முடிக்கணும்னு தோணினதே இல்ல." பக்தர் பக்கம் திரும்பினார். கிண்டல் இல்லை, குசலம் விசாரிக்கிற குரல்தான். "ஏம்பா, உனக்குத் தோணுதா?"

கூட்டம் சிரித்தது. பக்தரும் சிரித்தார். டம்ளரில் இருந்த டீயைக் கீழே கொட்டினார். அந்தக் கேள்வி முள்ளாக உள்ளே போனது, வெளியே வரவில்லை.

அந்த மாதம்தான் தலைமை லைன்மேன் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. அந்த நாற்காலி பக்தர் பத்து வருஷமாகக் கனவில் உட்கார்ந்து பார்த்த நாற்காலி. கம்பம் ஏற வேண்டாம், முட்டிக்கு நல்லது என்பதெல்லாம் வெளியே சொல்லுகிற காரணம். டெஸ்டர் தனக்குக் கீழே நிற்க வேண்டும், ஒரு தடவையாவது, அதுதான் உள்காரணம். இருவருக்கும் ஒரே சர்வீஸ். அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதமே ஆன எஞ்சினியர் மேடம் கையில்தான் முடிவு.

பக்தர் சும்மா இருக்கவில்லை. மேடமிடம் போய்ச் சொன்னால் கோள் ஆகிவிடும். ஆகவே மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தார். ஒருவரிடம் டீக்கடையில், ஒருவரிடம் ஸ்டோரில் கம்பிச்சுருள் எண்ணும்போது, ஒருவரிடம் வேனுக்குள். எல்லோரிடமும் ஒரே வசனம். டெஸ்டர் நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அவன் தலைவன் ஆனால் எல்லோருடைய கட்டையும் அவன் சொல்படிதான். எதற்கும் பயப்படாதவன் கையில் நம் உயிரா? நமக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, யோசியுங்கள். ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் "நீங்க சொல்றதும் சரிதாண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்தருக்கு அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சாப்பாடு ருசித்தது.

பிறகு ஒரு புதன்கிழமை. காற்றில் கிளை முறிந்து ஒரு தெருவில் கம்பி அறுந்துவிட்டது. அவசரத்தில் கிளம்பியதில், ஏறுகிறவர் கம்பிகளைத் தரையோடு இணைத்துப் பாதுகாப்புக்கு மாட்டும் எர்த் சங்கிலி ஸ்டோரிலேயே கிடந்தது. அதை ஒழுங்காக மாட்டுகிற ஒரே ஆள் டெஸ்டர்தான். மற்றவர்கள் நேர விரயம் என்பார்கள்.

"சங்கிலி வரல" என்றார் பக்தர், வேனைத் துழாவிவிட்டு.

"பரவால்ல, பாத்துக்கறேன்" என்றார் டெஸ்டர். மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பக்தர் கையில் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியையும் கழற்றி, "இதையும் வச்சுக்க, கிட்டக்க பாக்கத்தான் இது, மேல போனா தல சுத்தும்" என்று அவர் சட்டைப் பையில் தானே போட்டுவிட்டு நடந்தார். கம்பம் இருநூறு அடி தள்ளி, ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம். கீழே நிற்பவருக்குக் கம்பத்தின் உச்சி மட்டும்தான் தெரியும்.

பக்தர் பெட்டியடியில் நின்றார். வழக்கம்போல் தெருவாசிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கத்து ஐஸ் கடைக்காரர் மட்டும் போகவில்லை. "எல்லாம் தண்ணியா ஓடுது சார். எப்பதான் வரும்?" "வந்துடும்" என்றார் பக்தர். பிறகு கடைக்காரர் பேச்சுக்குச் சொன்னார்: "போன தடவ இன்னொரு சார் வந்தாரே, கண்ணாடி போட்டவரு, அவரு சட்டுனு முடிச்சாரு. அவரு நல்ல தெறமசாலி."

ஊரான் வாயிலும் அவன்தான்.

கடைக்காரர் போய்விட்டார். பக்தர் பெட்டிக் கதவைத் திறந்தார். எதற்குத் திறந்தார் என்று அவரைக் கேட்டால், பூச்சி இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொல்லியிருப்பார். ஆனால் கை ஒரு கட்டையை எடுத்தது. உள்ளே வாயைப் பிளந்துகொண்டிருந்த செம்புத் தாடைகளுக்கு நேராகப் பிடித்தது. சங்கிலி இல்லை. கேட்டால் சொல்லவும் ஆள் இருக்கிறது: ஐஸ் கடைக்காரர் அவசரப்படுத்தினார், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன், கை தவறிவிட்டது. தொழிலில் நடக்காததா? அழுவதற்கும் அவர் தயாராக இருந்தார், உண்மையாகவே அழுதிருப்பார்.

அந்த இடத்தில் அவர் காத்திருந்தார். மேலே ஒருத்தன் பார்க்கிறான் என்ற பயம் வந்து கையைப் பின்னால் இழுக்கும் என்று இத்தனை நாள் ஊருக்குச் சொன்னாரே, அது வரட்டும் என்று. வரவில்லை. அலமாரிக் கதவின் ஒரு படம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. உள்ளே ஓடியதெல்லாம் ராசியான கை, சட்டென்று முடித்தவர், முதல் தடவையே இடம். இவ்வளவுதான்.

கட்டையை அழுத்தக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். சட்டைப் பையிலிருந்த கண்ணாடி பெட்டியின் விளிம்புக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் மாட்டி 'கிறுக்' என்றது.

ஐயோ, கண்ணாடி உடைந்துவிடுமே என்று பதறிப் பின்வாங்கினார்.

பின்வாங்கிய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஆளையே முடிக்கப் போனவர் ஆளுடைய கண்ணாடிக்குப் பதறினார். பெட்டியை மூடினார். மூன்று கட்டைகளையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி நசுங்காமல் தோளைக் குறுக்கிக்கொண்டு, டெஸ்டர் வந்து உள்ளங்கையை நீட்டுகிறவரை அப்படியே நின்றார். டெஸ்டர் கட்டைகளை வாங்கிச் செருகினார். கண்ணாடியை வாங்கி ஒரு காதுக் கம்பி கோணியிருப்பதைப் பார்த்தார், வளைத்து நேராக்கினார், மாட்டிக்கொண்டார். ஐஸ் கடைக்காரர் டெஸ்டருக்கு மட்டும் வணக்கம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மேடம் ஏழு பேரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார். பக்தர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் எதுவும் தேவைப்படவில்லை. மேடத்தின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு மெயின் ரோட்டுல எல்லாரும் ஆளுக்கு ஒரு கம்பம் ஏறணும். உங்க கட்டைய யார் கையில குடுப்பீங்க? உங்க பேர நீங்களே சொல்லக் கூடாது. நீங்க சொல்ற ஆள்தான் நாளைக்கு நெஜமாவே உங்க பெட்டி பக்கத்துல நிப்பார். யோசிச்சுச் சொல்லுங்க."

சொல்லிவிட வேண்டியதுதான், ஐந்து பேரில் யார் பெயரையாவது. வேன் ஓட்டுநரின் மச்சான் ஒருவன் இருக்கிறான், அவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன் பேசுகிறவன். இன்னொருவன் நல்லவன்தான், மறதிக்காரன். நாளைக்கு உச்சியில் நிற்கப் போவது பக்தரின் உடம்பு. பொறாமை வாயில் இருந்தது. உயிர் உடம்பு முழுக்க இருந்தது. உடம்புதான் பதில் சொன்னது. சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

சாயங்காலம் எல்லோரையும் நிற்க வைத்து மேடம் சொன்னார்: ஆறு பேர் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், தலைமை லைன்மேன் டெஸ்டர். ஒருவர் மட்டும் பக்தர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

கைதட்டினார்கள். "நீங்க சொல்றதும் சரிதாண்ணே" என்று கையைப் பிடித்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பக்தர் தட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். ஐந்து பேரும் தானும் சேர்ந்து ஆறு. மீதி ஒன்று. டெஸ்டர் பெயரைச் சொல்ல முடியாத ஆள் இந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான்.

தலைமைப் பதவி போனதுகூடப் பெரிதில்லை. விழுந்த ஒரே ஓட்டும் அவன் போட்டதா? இதைவிட அவன் செருப்பால் அடித்திருக்கலாம்.

சைக்கிள் நிறுத்தத்தில் மடக்கினார். "எதுக்கு என் பேரச் சொன்ன? பாவம்னா?"

டெஸ்டர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார். "புதன்கிழம மேல இருந்து பாத்தேன். பெட்டிக் கதவு தொறந்துச்சு."

வேறு யாராவது கேட்கிறார்களா என்று பக்தர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சங்கிலி இல்லைனு நாலு கம்பியையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்துக் கட்டிட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சேன். நீ போட்டிருந்தா அந்தக் கட்டுலயே ஷார்ட் ஆயிருக்கும், எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கட்டை அங்கயே வெடிச்சு உன் மூஞ்சிதான் வெந்திருக்கும். எனக்கு அந்தப் பயம்தான். 'டேய், வேணாம்டா'ன்னு கத்தினேன், காத்துல கேட்டிருக்காது."

"தெரிஞ்சுமா என் பேரச் சொன்ன? பைத்தியமா உனக்கு?"

"மத்த அஞ்சு பேரு கையும் அந்த எடத்துக்குப் போனா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. உன் கை போயிட்டுத் திரும்பி வந்துச்சு. அத நான் பாத்துட்டேன்."

திரும்பி வந்தது கண்ணாடிக்காக என்று சொல்லிவிடலாமா என்று பக்தர் நினைத்தார். சாமிதான் தடுத்தது என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தார். முதலாவது வெட்கம், இரண்டாவது பொய். இரண்டையும் விழுங்கினார். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால்கூட, வழக்கமாகக் கேட்கிற இடம் அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கேட்டால் யாரும் திருப்பி ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சுகம். இந்த ஆளிடம் கேட்டால் 'சரி விடு' என்று சொல்லிவிடுவான், அதைத் தாங்க முடியாது.

"கண்ணாடிக்குப் புதுக் காது போட்டுத் தரேன்" என்றார் கடைசியில்.

"கோணலே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டெஸ்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஒரு கொட்டாவி வேறு.

மறுநாள் காலை மெயின் ரோடு. ஆறு பேருக்கும் டெஸ்டரே கட்டை பிடிக்க வேண்டும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள், பக்தரின் முறை வந்தது. பக்தர் மூன்று கட்டைகளையும் பிடுங்கி டெஸ்டர் கையில் கொடுத்தார். கம்பத்தடியில் வழக்கம்போல் கண்ணை மூடினார். என்ன கேட்பது என்று தெரியாமல், ஒன்றும் கேட்காமலே கண்ணைத் திறந்து ஏறினார். உச்சியில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஒரு தரம் கீழே பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

டெஸ்டர் பெட்டியை விட்டு நாலடி தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கட்டைகள் பையில் இல்லை. மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று மூன்றையும் உள்ளங்கையில் வெளியே தூக்கிப் பிடித்திருந்தார். கை வலிக்கும். ஆனாலும் இறக்கவில்லை.

பக்தருக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியே வேலையை ஆரம்பித்தார், முதல் வேலையாக ஒரு துண்டுக் கம்பியை எடுத்து நாலு கம்பியையும் சேர்த்துக் கட்டினார், டெஸ்டர் கட்டுகிற மாதிரியே.